பாலக்கரை வீட்டுக்காரம்மா மதலேன் டீச்சர்

காலையில் வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தபோது, தெருமுனையில் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டே வருவது தெரிந்தது. பாலக்கரைத் தையல்காரர் பாஷா. மதலேன் டீச்சருடைய நான்கு வாடகை வீடுகளில் முதல் வீட்டில் குடியிருப்பவர். காவேரிப் பாலம் தாண்டி அவர் எங்கள் ஸ்ரீரங்கத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. சைக்கிளில் ஏறி வராமல் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்ததுமே வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

"டீச்சரம்மா மவுத்தாயிட்டாங்கம்மா," என்றார். "நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தான் பேசிட்டிருந்தாங்க. காலையில கதவைத் தட்டினா திறக்கல. உங்க தங்கச்சிதான் பக்கத்துல உக்காந்திருக்காங்க. போய்ச் சொல்லிட்டு வாங்கன்னு அனுப்பினாங்க."

நான் அவரைத்தான் திட்டினேன். உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா என்று கத்தினேன். பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் கோபம் வரும். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. டீச்சர் இருந்திருந்தால், "அந்த ஆளை விடுங்க, முதல்ல அழுது முடிங்க," என்று சொல்லியிருப்பார்.

நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் அவரைப் பூகோள டீச்சராகத் தெரியும். உலகப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வராந்தாவில் அவர் நடந்து வரும்போது வகுப்பே அடங்கிவிடும். அதைப் பற்றி இந்த மலரில் எழுதப் பலர் இருக்கிறீர்கள். நான் எழுத நினைப்பது வீட்டுக்காரம்மாவான மதலேன் டீச்சரைப் பற்றி. அவர் கணவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து இறந்துபோனவர். அவர் இறந்தபோது ரயில்வேயில் கொடுத்த பணத்தில் பாலக்கரையில் வரிசையாக நான்கு ஓட்டு வீடுகளும், அவற்றுக்குப் பின்னால் தனக்கென்று ஓர் அறையும் கட்டிக்கொண்டார் டீச்சர். குழந்தைகள் இல்லை. அந்த வீடுகளில் கடைசி வீட்டில் இன்றைக்கும் என் தங்கை அலமேலு குடியிருக்கிறாள். அவள் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னால் டீச்சர் யார் என்று தெரிந்துவிடும். நம்மில் ஒரு போர்ஷன், இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு அது உபயோகமாகவும் இருக்கும்.

எனக்கும் ஸ்ரீரங்கத்தில் அப்பா விட்டுப்போன வீடு ஒன்று இருக்கிறது. அடையவளைந்தான் தெருவில், முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டு பாகம். முன்கட்டில் நாங்கள் இருக்கிறோம். பின்கட்டை வாடகைக்கு விட ஆரம்பித்த புதிதில், பள்ளியில் நாங்கள் இருவரும் உட்காரும் ஆசிரியைகள் அறையில் டீச்சரிடம்தான் யோசனை கேட்பேன். ஒருநாள், "என் மூணாவது வீட்டுக்கு ஒருத்தர் கேட்டிருக்காரு. பள்ளிக்கூடம் விட்டதும் வரகனேரி வரைக்கும் வர்றீங்களா?" என்றார். வீடு கேட்டவர் அப்போது குடியிருந்த இடத்துக்கு, விலாசம் விசாரிப்பதுபோலப் போய் நின்றோம். தண்ணீர் கேட்டார், குடித்தார், சுவரைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பேச்சோடு பேச்சாக, இந்த வீடு எப்படி என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டார். "மழை வந்தா கூடம் முழுக்க ஒழுகுதுங்க, சொன்னா செய்ய மாட்டேங்கறாங்க," என்றாள் அந்தப் பெண். வெளியே வந்ததும் டீச்சர், "கொடுத்துடலாம்," என்றார்.

"குறை சொல்றாங்களே, நாளைக்கு உங்களையும் சொல்ல மாட்டாங்களா?" என்றேன்.

"வீட்டைப் பத்திக் குறை சொன்னா நல்லது டீச்சர். வீட்டைக் கவனிக்கறாங்கன்னு அர்த்தம். வீட்டுக்காரனைப் பத்தி, அவன் சம்சாரத்தைப் பத்திக் குறை சொன்னாங்கன்னா அங்கயே கும்பிடு போட்டுட்டுத் திரும்பிடணும்."

அவருக்கு இதில் அவசரமே கிடையாது. வீடு காலியாகக் கிடந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது, யார் வந்தாலும் சாவியைக் கொடுத்துவிடத் தோன்றும். அவர் நல்ல ஆள் கிடைக்கும்வரை பூட்டியே வைத்திருப்பார். "காலியா கிடக்கிற வீடு ஒரு மாச வாடகையைத்தான் தின்னும். தப்பான ஆள் வந்தா வீட்டையே தின்னுடுவான்," என்பார். ஆடிக் காற்றுக்கு முன்னால் ஓடு, ஐப்பசி மழைக்கு முன்னால் சாக்கடை என்று யாரும் கேட்காமலேயே வேலையை முடித்துவிடுவார். கேட்பதற்கு முன்னால் செய்தால் மரியாதை, கேட்ட பிறகு செய்தால் சண்டைக்குப் பயந்து செய்ததாகிவிடும் என்பது அவர் கணக்கு. அவர் ஒன்றும் மாதா சொரூபம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முற்றத்தில் யார் சைக்கிளை நிறுத்தினாலும் முணுமுணுப்பார். விருந்தாளிகள் நாலு நாள் தங்கினால் ஐந்தாம் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வீடே கிடையாது என்று கறாராகச் சொல்லிவிடுவார். "யாரைப் பார்த்து வெளிய போங்கன்னு சொல்ல நமக்கு வாய் வராதோ, அவங்களுக்கு வீடு கொடுக்கக் கூடாது." இதை எத்தனை முறை அவர் வாயால் கேட்டிருக்கிறேனோ தெரியாது.

நான் மாட்டிக்கொண்டது வைகுண்ட ஏகாதசியில். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மார்கழி பிறந்தால் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இடத்தை ஒழித்து வெளியூர்க்காரர்களுக்குக் கொடுப்போம். பேச்சுவார்த்தைதான், எழுத்து கிடையாது. உற்சவம் முடிந்ததும் அவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். டீச்சர் மட்டும், "உற்சவம் முடிஞ்ச மறுநாளே வெள்ளையடிக்கிற ஆளை வரச் சொல்லி வச்சிடுங்க. வாளியும் மட்டையுமா ஒருத்தன் வந்து நின்னா, போகணும்னு நாம சொல்ல வேண்டியதில்லை," என்று எச்சரித்திருந்தார். சேலத்துப் பக்கத்திலிருந்து பத்மநாபன் என்பவர் மனைவியோடும் வயதான அம்மாவோடும் வந்தபோது பின்கட்டு காலியாக இருந்தது. நல்ல மாதிரியாகத் தெரிந்தார்கள். கொடுத்தேன். வெள்ளையடிக்க ஆள் சொல்லவில்லை.

உற்சவம் முடிந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல், இந்த மாதம் மட்டும் இருந்துகொள்கிறோம் என்றார் பத்மநாபன். மாத வாடகையைக் கையில் வைத்தார். நான் பெரிய நியாயஸ்தியாக, மாத வாடகை பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ரசீது கொடுத்தேன். அடுத்த மாதமும் அப்படியே. இதைக் கேட்டதும் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரசீது எழுதின அன்னிக்கே வீடு கொடுத்தாச்சு டீச்சர். இனிமே அவரு விருந்தாளி இல்லை, குடித்தனக்காரரு. சட்டம் அவரு பக்கம்."

அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பங்குனியில் பம்பாயிலிருந்து வந்த தந்திதான் உறைக்க வைத்தது. அலமேலுவின் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். அவர்கள் இருந்தது கம்பெனி குவார்ட்டர்ஸ், காலி செய்ய வேண்டும். இரண்டு சின்னப் பெண்களோடு அவள் ஊருக்கு வருகிறாள். எங்கே வருவாள்? அப்பா சாகும்போது, பின்கட்டு சின்னவளுக்கு என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். முன்கட்டில் ஒரு கூடமும் சமையலறையும்தான். அதில் நாங்கள், எங்கள் பிள்ளைகள், என் மாமியார். ரயில்வே கார்டான என் கணவர் பாதி நாள் வண்டியோடு போய்விடுவார். தாலியை இழந்து வருகிறவள் இங்கேயா தங்கப் போகிறாள் என்று மாமியார் இப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்கட்டு கிடைக்காவிட்டால் அலமேலு அவள் கொழுந்தன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவன் தன் அம்மாவையே சமையலறையில் படுக்க வைத்தவன். அங்கே போனால் என் தங்கை சம்பளமில்லாத வேலைக்காரியாகிவிடுவாள், பெண்கள் படிக்க மாட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்மநாபனிடம் விஷயத்தைச் சொல்லிக் காலி செய்யக் கேட்டேன். அவர் பிடிகொடுக்காமல் நின்றார். "அம்மா காவேரியைத் தாண்ட மாட்டேங்கறாங்க. இங்கதான் உயிர் போகணும்னு பிடிவாதமா இருக்காங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

"உங்க அம்மா உயிர் போறதுக்கு என் தங்கச்சி தெருவுல நிக்கணுமா?" என்று கேட்டேன். ஆமாம், அப்படித்தான் கேட்டேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூச்சு விடவே கஷ்டமாக இருந்தது. ஒரே கிணறு. நான் வாளியோடு போனால் பத்மநாபன் மனைவி கயிற்றை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவாள். அவர்கள் வீட்டு அம்மா இருமினால் சுவருக்கு இந்தப் பக்கம் என் மாமியார் விஷ்ணு நாமத்தைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பிப்பார். வக்கீலிடம் போனேன். கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார். சித்திரையும் பிறந்துவிட்டது. அலமேலு மெட்ராஸ் வந்து சேர்ந்து, தேருக்கு மறுநாள் காலை வண்டியில் திருச்சிக்கு வருவதாகத் தகவல் அனுப்பினாள். ஆசிரியைகள் அறையில் டீச்சரிடம் சொன்னேன்: "தேரன்னிக்கு அந்தக் கிழவியைத் தூக்கிட்டுப் போய்க் காட்டப் போறாங்களாம். வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டை உடைச்சு சாமானை வெளிய எடுத்து வச்சிட்டு என் பூட்டைப் போட்டுடறேன். அப்புறம் அவங்க கோர்ட்டுக்குப் போகட்டும்."

அவர் தலை நிமிராமல் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

தேரன்றைக்கு ஊரே சித்திரை வீதியில் இருந்தது. எங்கள் தெருவில் ஈ காக்காய் இல்லை. பத்மநாபன் கூலிக்கு இரண்டு பேரைப் பிடித்து, அம்மாவைச் சாய்வு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். நான் பேசி வைத்திருந்த ஆள் கடப்பாரையோடு வந்தார். இருவருமாகப் பின்கட்டுக்குப் போனால், பூட்டிய கதவுக்கு முன்னால் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு மதலேன் டீச்சர் நிற்கிறார். அந்தக் கூட்டத்தில் பஸ்ஸை விட்டு எங்கே இறங்கினாரோ, எவ்வளவு தூரம் நடந்தாரோ, புடவை முழுக்க வியர்வை.

"நகருங்க டீச்சர்," என்றேன்.

"உள்ள அவங்க அடுப்பு இருக்கு, படுக்கை இருக்கு. இதை உடைச்சீங்கன்னா இன்னிக்கு நீங்க ஜெயிப்பீங்க. நாளைக்குப் போலீஸ் வரும். ரயிலை விட்டு இறங்கி வர்ற உங்க தங்கச்சி கண்ணு முன்னால வரும்."

"இது எங்க அப்பா கட்டின வீடு."

"வீடு உங்களுதுதான். குடித்தனம் அவங்களுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாலு வீட்டை வச்சுக்கிட்டு நல்லா நியாயம் பேசறீங்க. கூடப் பிறந்தவ ஒருத்தி உங்களுக்கு நடுத்தெருவுல நின்னா தெரியும்," என்றேன். அவருக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. ஆனால் கதவை விட்டு அசையவில்லை. கடப்பாரைக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். "யாராச்சும் ஒண்ணு சொல்லுங்கம்மா, எனக்கு வேற வேலை இருக்கு," என்றார். நான் கடப்பாரையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சந்துப் பக்கமிருந்து பேச்சுக் குரல் கேட்டது. வெயில் தாங்காமல் அம்மாவுக்கு மயக்கம் வந்து, பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். நாற்காலியைக் கிணற்றடியில் இறக்கினார்கள். பத்மநாபன் கடப்பாரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேகமாக வந்து கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை. அவர் மனைவி ஓவென்று அழ ஆரம்பித்தாள். ஒரு தள்ளு தள்ளியிருந்தால் யாராவது ஒருவர் மண்டை உடைந்திருக்கும்.

டீச்சர் எங்கள் இருவரையும் கண்டுகொள்ளவே இல்லை. நேரே நாற்காலியிடம் போய்க் குனிந்து, குடையை விரித்து அந்த அம்மாளுக்கு நிழல் பிடித்தார். "அம்மா, உங்களுக்கு வேணுங்கறது இந்த வீடா, இந்த ஊரா?" என்று கேட்டார்.

"ஊருதான் தாயி," என்றார் அந்த அம்மாள். "வீடு எதுவா இருந்தா என்ன? மாட்டுக் கொட்டாய்னாலும் சரி."

டீச்சர் நிமிர்ந்து பத்மநாபனைப் பார்த்தார். "கேட்டீங்களா? அப்ப இந்த ஊர்லயே வேற வீடு பாத்திருக்கலாமே. ஏன் பாக்கல?"

பத்மநாபனின் கை கடப்பாரையை விட்டது. "பாக்காம இருப்பேனா? ஒரு தெரு விடாம கேட்டேங்க. எல்லாரும் அம்மாவை வந்து பாக்கறாங்க. பாத்துட்டு, வீடு இல்லைங்கறாங்க. சாகக் கிடக்கிறவங்களுக்கு யாருங்க வீடு கொடுக்கறாங்க? சாவு விழுந்த வீட்டுக்கு அப்புறம் ஆள் வராதாம்."

நானும் கடப்பாரையைக் கீழே போட்டேன். எங்கள் ஊரில் உயிர் போக வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அதில் எங்களுக்கு எவ்வளவு பெருமை! ஆனால் வீடு கேட்டால், நான் உட்பட அத்தனை பேரும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்போம். டீச்சர் குடையை அந்த அம்மாளின் மருமகளிடம் கொடுத்தார். பிறகு கடப்பாரைக்காரருக்குக் கூலி கொடுத்து அனுப்பினார். என்னைப் பார்த்து, "காலையில ஸ்டேஷனுக்கு நானும் வரேன். தங்கச்சியை நேரா பாலக்கரைக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. கடைசி வீடு காலியாத்தான் இருக்கு," என்றார்.

அது காலியில்லை என்று எனக்குத் தெரியும். திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாக வரும் தொழிற்சாலையின் இன்ஜினீயர் ஒருவருக்குப் பேசி, அட்வான்ஸும் வாங்கியிருந்தார். அன்று மாலையே அதைத் திருப்பிக் கொடுத்தார். "வெளிய போங்கன்னு சொல்ல வாய் வராதவங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு சொல்வீங்களே?" என்று பிற்பாடு கேட்டேன். "வாய் வராதுதான். பாத்துக்கலாம்," என்றார்.

எங்கள் சண்டை அதோடு முடியவில்லை. அடுத்த ஒண்ணாம் தேதியே டீச்சர் அலமேலுவிடம் வாடகை கேட்டு வாங்கினார். அவள் தையல் வேலையில் சம்பாதிக்க ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாஷாதான் வேலை கொடுத்திருந்தார். இன்ஜினீயர் கொடுத்திருக்கக்கூடியதைவிட எவ்வளவோ குறைவுதான், ஆனாலும் வாடகை வாடகைதானே. எனக்குத் தாங்கவில்லை. பெரிய தர்மவதி மாதிரி வந்து நின்றுவிட்டு, ஒரு விதவையிடம் வாடகையா? நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வாங்க மாட்டேன் என்றார். அலமேலு கையால்தான் வாங்குவேன், அவள் பெயரில்தான் ரசீது போடுவேன் என்றார். கோடை விடுமுறை முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பள்ளி திறந்த அன்று அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சும்மா இருன்னு விட்டா உங்க தங்கச்சி தினமும் என் முகத்தைப் பார்த்துத்தான் விளக்கேத்தணும் டீச்சர். வாடகை கொடுத்தா என்கிட்ட சண்டை போடலாம். அவளுக்கு இப்ப சண்டை போட ஒரு ஆள் வேணும்."

பத்மநாபனின் அம்மா அந்த வருஷம் இறக்கவில்லை. அடுத்த ஏகாதசியையும் பார்த்துவிட்டு, மாசியில் எங்கள் பின்கட்டிலேயே கண்ணை மூடினார். கடைசி நாட்களில் என் மாமியார்தான் போய் அவர் வாயில் தீர்த்தம் விட்டார். காரியங்கள் முடிந்ததும் பத்மநாபன் சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேச முடியாமல் கும்பிட்டுவிட்டுப் போனார். பின்கட்டு காலியாகிவிட்டது, வா என்று அலமேலுவைக் கூப்பிட்டேன். "இங்கயே இருக்கேனே அக்கா," என்றாள். எனக்கு வருத்தம்தான். அவளுடைய பெரியவள் இப்போது நம் பள்ளியில் கடைசி வகுப்பில் படிக்கிறாள். டீச்சரிடம் பூகோளம் படித்த கடைசிக் கூட்டத்தில் அவளும் ஒருத்தி.

டீச்சரை அடக்கம் செய்த மூன்றாம் நாள், நாலு வீட்டுக் குடித்தனக்காரர்களையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார் டீச்சர் கணவருடைய அண்ணன் மகன். திண்டுக்கல்லில் வியாபாரம் செய்பவர். வீடுகள் இனி அவருக்குத்தான். டீச்சர் உயிரோடு இருக்கும்போது அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. "எல்லாத்தையும் விக்கப் போறேன். வாங்கறவங்க காலி வீடாத்தான் கேக்கறாங்க. இந்த மாசத்தோட எல்லாரும் வேற இடம் பாத்துக்குங்க," என்றார்.

இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் என் தங்கையும் அந்தப் பெண்களும் தெருவிலா? பின்கட்டில் இப்போது வேறு ஒரு குடும்பம் இருக்கிறது. பாஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அலமேலு என் கையை அழுத்திப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே ஓரடி முன்னால் போனாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை.

"நீங்க யாருக்கு வேணும்னாலும் வித்துக்குங்க தம்பி. நாங்க யாரும் இங்க சும்மா தங்கியிருக்கறவங்க இல்லை. மாசாமாசம் வாடகை கொடுத்து ரசீது வாங்கி இருக்கறவங்க. நாங்க போகணும்னா கோர்ட்டு சொல்லணும். அதுவரைக்கும் ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி உங்களுக்கு வாடகை வந்துடும்." அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை. "அப்புறம், என் வீட்டுல கிழக்குப் பக்கம் ஓடு போயிருக்கு. மழைக்கு முன்னாடி மாத்திக் கொடுத்துடுங்க. அது வீட்டுக்காரரு செய்ய வேண்டிய வேலை."

அவர் ஓடு மாற்ற ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பாஷா மெதுவாக, "அப்படிப் போடுங்க தங்கச்சி," என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் ஏமாந்துபோய் யாரோ ஒருவருக்கு ரசீதில் எழுதிக் கொடுத்த உரிமையை, டீச்சர் தெரிந்தே என் தங்கைக்குக் கொடுத்திருக்கிறார். நான் அவரோடு ஒரு கோடைக்காலம் பேசாமல் இருந்தது அதற்காகத்தான். அன்றைக்குத்தான் நான் அவருக்காக அழுதேன், அந்த முற்றத்தில், எல்லாருக்கும் முன்னால்.

அவருடைய சாமான்களில் ஞாபகத்துக்கு எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கிளம்பலாம் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அலமேலு தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே, "என்னக்கா, வாசலோட போறே? என் வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ," என்றாள். என் வீடு என்ற அந்த வார்த்தைதான் டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. நான் என் தங்கையின் வீட்டுக்குள் விருந்தாளியாகப் போனேன்.